பாரை மீன்களுக்கு நடுவே அந்தோனியார்

சேர்வர் திருத்துகிறவனை ஆரும் நல்ல நாளில் கூப்பிடுவதில்லை. கலியாணத்துக்கு ஐயரைக் கூப்பிடுவார்கள், திருநாளுக்குப் பாதிரியாரைக் கூப்பிடுவார்கள். எங்களைக் கூப்பிடுவது எல்லாம் நின்று, தலையைச் சுவரில் முட்டிப் பார்த்தபிறகு. இந்தத் தொழிலில் கை சுட்டவர்கள் நீங்களும் என்றால் நான் சொல்வது உங்களுக்கு விளங்கும். விளங்காதவர்களுக்காக முதலிலேயே சத்தியம் பண்ணிவிடுகிறேன். திருக்கேதீச்சரத்தான்மேல் ஆணை! மடு மாதாமேல் ஆணை! மீன்வாடிக் காதர் நானாவுக்காக அவருடைய வழக்கப்படி ஒரு வல்லாஹி! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு மன்னார்க் கருவாடு மாதிரிக் காய்ந்து போகட்டும். என்னைப் பொய்யன் என்று சொல்லித் திரிகிறவர்கள் ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். அதில் மூன்று பேர் நல்ல மனிசர்தான், ஆனால் அவர்கள் அந்த அறைக்குள் நிற்கவில்லை. நான் நின்றனான்.

சண்டைக் காலம். ரேடியோ, படகு எஞ்சின், கோயில் ஒலிபெருக்கி என்று திருத்திக்கொண்டிருந்த என்னிடம், உப்புக்குளத்தடியில் இருந்த ஒரு நிவாரணக் கந்தோர் தன் கொம்பியூட்டர்களையும் ஒப்படைத்தது. ஊரில் வேறு ஆள் இல்லை என்பதுதான் என் தகுதி. கந்தோரின் பின் அறையில் ஒரு சேர்வர் இருந்தது. மற்றக் கொம்பியூட்டர்களின் கோப்புகள் எல்லாவற்றையும் தன் வயிற்றுக்குள் வைத்துக் காக்கிற பெரிய பெட்டி. இனி நான் சொல்லப்போவது அந்தப் பெட்டி பட்ட பாடும், அதோடு சேர்ந்து நான் பட்ட பாடும்.

புதன்கிழமைக் கதிரை

அந்தப் பெட்டிக்குள் இருந்தது சனத்தின் பெயர்கள். இடம்பெயர்ந்து ஓடும்போது பிரிந்துபோனவர்கள், 'நான் இன்னாரைத் தேடுகிறேன், நான் இருப்பது இன்ன இடம்' என்று எழுதிக் கொடுத்த சீட்டுகள். பக்கத்து முகாம்களின் சீட்டுகளைக் கந்தோரில் வேலை பார்த்த ஜெசிந்தா மிஸ் ஒவ்வொன்றாக அடித்து ஏற்றுவா. தூரத்து முகாம்களில் அவர்களே அடித்துப் பிளொப்பியில் அனுப்புவார்கள். அது மொத்தமாய் உள்ளே போய்விடும். தாய் ஒரு முகாமிலிருந்து மகளைத் தேட, மகள் இன்னொரு முகாமிலிருந்து தாயைத் தேட, இரண்டு சீட்டையும் சேர்வர் சோடியாய்ப் பிடித்துக் காட்டும். கடுதாசிச் சீட்டுகள் இருந்த அலுமாரி ஒரு மாரி வெள்ளத்தில் மூழ்கிக் கூழாய்ப் போனது. பிரதி எடுக்கிற நாடா இயந்திரமோ, உப்புக்காற்றில் தலை அரித்து, மாதக்கணக்காய் வெறும் நாடாவைச் சுற்றிக்கொண்டு 'சரி, சரி' என்று பொய் சொல்லியிருக்கிறது. (என்னிலும் பெரிய பொய்யன் அது.) ஆக, அந்தப் பெயர்களுக்கு உலகத்தில் இருந்த ஒரே வீடு அந்தப் பெட்டி.

சோடி பார்க்கிற வேலை புதன்கிழமைகளில் நடக்கும். புதன் காலையில் மாரியாயி அக்கா வந்துவிடுவா. மலைநாட்டிலிருந்து வந்து வெள்ளாங்குளத்தில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். ஷெல் விழுந்த நாளில் மகள் செல்வி ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினாள், தாய் மற்றதில் ஏறினா. சந்தியில் இரண்டும் இரண்டு பக்கமாய்த் திரும்பின. அதன்பிறகு ஒருவரை ஒருவர் காணவில்லை. சேர்வர் அறையின் வெளிச் சுவரோரம் கிடந்த ஒரு கால் ஆடுகிற கதிரையில், முதுகைச் சுவரில் சாய்த்து இருப்பா. நல்ல கதிரை காட்டினாலும் மாறமாட்டா. பின்னேரம் ஜெசிந்தா மிஸ் வெளியே வந்து, "இந்தக் கிழமையும் இல்லை அக்கா" என்பா. அக்கா எழும்பிப் போவா.

ஒரு புதன் அந்த வேலை பாதிவழியில் நின்றுவிட்டது. திரும்ப ஓட்டினோம், அதே இடத்தில் நின்றது. உள்ளே ஒரு டிஸ்க் கர்ர், கர்ர் என்று தொண்டையைச் செருமியது. திரும்ப முயல்வதா, தாண்டிப் போவதா என்று திரை கேட்டது. ஏதோ ஒரு சீட்டுப் பழுதாக்கும் என்று நினைத்து, "தாண்டச் சொல்லி அடியுங்கோ மிஸ்" என்றேன். அடித்தா. 'முடிந்தது' என்று வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு புதனும் அதே இடம், அதே தாண்டல். இதை நீங்கள் ஞாபகம் வைத்திருங்கள். நான் மறக்கத்தான் பார்க்கிறேன். கதிரையில் இருந்தபடி செருமலைக் கேட்டுக்கொண்டிருந்த மாரியாயி அக்கா சொன்னா: "அதுக்கு மூச்சு வாங்குது சார். வெரட்டாதீங்க. கொஞ்சம் ஒக்கார வுட்டுப் பாருங்க."

புனிதர் மூவர்

அந்தப் பெட்டியின் முகத்தில், இழுக்கிற மேசை லாச்சி போல ஒன்றின்கீழ் ஒன்றாய் மூன்று டிஸ்க். அவை மூன்றும் சேர்ந்து செய்கிற வித்தையை நான் முதன்முதல் புத்தகத்தில் படித்தபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றில் ஒன்று செத்தால், மிச்ச இரண்டும் கூடி, செத்தது என்ன வைத்திருந்தது என்று ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிவிடும்! இரண்டு செத்தால் மட்டும் ஒன்றும் செய்ய ஏலாது. மூன்றும் போன மாதிரித்தான். ஒன்று சாகாமல் முனகிக்கொண்டு கிடந்தாலும் தொல்லைதான்; மற்ற இரண்டும் அதன் பதிலுக்காகவே காத்து நிற்கும். மனிசருக்கு இப்படி ஒரு வசதியைக் கடவுள் வைக்கவில்லை. அல்லது வைத்திருக்கிறாரோ, நான்தான் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லையோ, தெரியாது.

லாச்சிகளில் ஒட்டியிருந்த எண்கள் உப்புக்காற்றில் உரிந்து விழுந்துவிட்டன. பழுதைக் காட்டுகிற சின்ன விளக்குகளும் அதே காற்றில் ஒவ்வொன்றாய் அணைந்தன. கந்தோர்ப் பியோன் மரியதாஸ் அண்ணை முன்னொரு காலத்தில் ஆழ்கடல் தொழில் செய்தவர். படகில் எந்தப் பொருளும் பெயரில்லாமல் இருக்கக்கூடாது என்பது அவர் கட்சி. ஒருநாள் வந்து பார்க்கிறேன், லாச்சிகளில் மூன்று புனிதர் படங்கள். மேலே சூசையப்பர், நடுவில் செபஸ்தியார், கீழே அந்தோனியார். செருமிக்கொண்டிருந்தது கீழே இருந்த அந்தோனியார். "அண்ணை, நம்பர் ஒட்டியிருக்கலாமே?" என்றேன். மரியதாஸ் அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார். "நம்பர் விழும் தம்பி. புனிதர் விழமாட்டினம்."

மூன்று மணிக் கழுதை

மெமரி வேறு, டிஸ்க் வேறு. டிஸ்க் எழுதி வைத்துவிட்டுப் படுக்கும். மெமரி, வேலை நடக்கும்போது கையில் பிடித்திருக்கிற குறிப்பு. மின்சாரம் போனால் அதுவும் போச்சு. ஒரு மாதம் முழுக்க, பின்னேரம் மூன்று மணிக்கு மெமரிப் பிழை என்று சேர்வர் விறைத்து நின்றது. காலையில் ஒரு குறையும் இல்லை. மெமரித் துண்டுகளைக் கழற்றி, அவற்றின் தங்கப் பற்களில் படிந்த உப்பைப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டினேன். மூன்று நாள் சோதனை ஓட்டினேன். எல்லாம் சரி, மூன்று மணி வரைக்கும். ஜெனரேற்றரில் ஐமிச்சப்பட்டேன், வெயிலில் ஐமிச்சப்பட்டேன், கடைசியில் கண்ணூறு கழிக்கவும் ஆள் பார்த்தேன்.

நாலாம் நாள் மூன்று மணிக்குச் சிகரெட் பத்தக் கந்தோரின் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு கழுதை. மன்னாரில் கழுதை புதினமில்லை. ஆனால் இந்தக் கழுதை கண்ணை மூடிக்கொண்டு, பேரானந்தத்தில், நிலத்தில் அடித்திருந்த ஒரு இரும்புத் தடியில் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தது. சேர்வருக்கு எர்த், அதாவது மண் தொடுப்புக் கொடுத்திருந்த தடி அது. வெயில் சரிந்து அந்தப் பக்கம் நிழல் விழுகிற நேரம் மூன்று மணி. நிழல் வந்தால் கழுதை வரும், கழுதை வந்தால் தடி ஆடும், தடி ஆடினால் கம்பி விடும், கம்பி விட்டால் மின்சாரம் வழிதெரியாமல் மெமரிக்குள் புகுந்து குழப்பும். எத்தனை ஊர்ச் சனத்தின் பெயர்கள் ஒரு கழுதையின் முதுகுச் சொறியில் தொங்கிக்கொண்டிருந்தன என்று நினைக்க எனக்கு மயிர் கூச்செறிந்தது.

முள்வேலி அடைத்தேன். பிழை நின்றது. கழுதை மட்டும் ஒரு நாளும் தவறாமல் மூன்று மணிக்கு வேலியடியில் வந்து நின்று முறைப்பாடு செய்தது. அதன் சத்தத்துக்கு ஜெசிந்தா மிஸ் மணிக்கூட்டைத் திருத்திவைத்தா. ஏழு கழுதை என்று ஊரில் சிலர் கதைப்பார்கள். நம்பாதேங்கோ, ஒன்றுதான். பழுது திருத்திய விபரத்தைக் கொழும்புக்கு அனுப்புகிற புத்தகத்தைத் திறந்து, பேனையைத் தூக்கிக்கொண்டு ஜெசிந்தா மிஸ் கேட்டா: "அண்ணை, 'காரணம்' எண்ட இடத்தில கழுதை எண்டு எழுதினா, அங்க இருக்கிறவை தங்களைச் சொல்லுறன் எண்டெல்லோ நினைக்கப்போயினம்?"

சாவடியில் ஒரு துண்டு

அழிறப்பர் மருந்தும் எத்தனை நாளைக்கு? ஒரு மெமரித் துண்டு ஒரேயடியாகப் போய்விட்டது. வவுனியாவில் புதிது வாங்கி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். அந்த நாட்களில் பற்றரி கொண்டுவரத் தடை, வயர் கொண்டுவரத் தடை. பச்சைப் பலகையில் கறுப்புக் கறுப்பாய்ச் சில்லு வைத்த சாமான் என்றால் கேட்கவே வேண்டாம். நரை விழுந்த ஒரு சார்ஜன்ற் அதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொக்கத மே?" என்றார். இது என்ன என்று கேட்கிறார்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தையும் அவருக்குத் தெரிந்த தமிழையும் கூட்டிக் கலந்து விளக்கினேன். கொம்பியூட்டர் வேலை செய்யும்போது எல்லாவற்றையும் இதில்தான் நினைவு வைத்திருக்கும். கரண்ட் போனால் ஒன்றும் மிஞ்சாது, சுத்தமாய் மறந்துவிடும் என்றேன். என்னை உள்ளே போடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அதைத் துடைத்து, என் பைக்குள் தானே வைத்து, மெதுவாகச் சொன்னார்: "அடுத்த முறை எனக்கும் ஒண்டு கொண்டு வாங்க மாத்தையா. கரண்ட் போனா எல்லாம் மறக்கிற ஒண்டு."

அந்தோனியார் திருநாள்

கீழ் டிஸ்க்கின் செருமல் இருமலாகியபோது, புது டிஸ்க் ஒன்று வாங்கி வர நானே போனேன். திரும்பி வருகிற நாள் ஒரு புதன். அன்றைக்கு அந்தோனியார் திருநாள் என்பது சைவக்காரனான எனக்கு நினைவில்லை. அதே சாவடியில் பஸ் மறிபட்டு நின்றது. பக்கத்துக் கடையிலிருந்து கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தேன். மறுமுனையில் ஜெசிந்தா மிஸ்ஸின் குரலுக்கு மேலாக ஒரு கீச்சிடல்.

"அண்ணை, சேர்வர் கத்துது! மூண்டாம் டிஸ்க் பழுது எண்டு திரையில காட்டுது. சத்தத்தைக் கேட்டு முன்னுக்குக் காவல் நிக்கிற ஆமிக்காரர் வந்து என்ன, ஏது எண்டு கேக்கினம்!"

"பயப்பிடாதேங்கோ. செத்ததைக் கழற்றினாச் சத்தம் நிண்டிடும். மூண்டு எண்டால் அந்தோனியார். மரியதாஸ் அண்ணையிட்டச் சொல்லுங்கோ, அந்தோனியாரைக் கழற்றச் சொல்லி."

இதுதான் நான் விட்ட பிழை. 'ஆகக் கீழே உள்ளது' என்று சொல்லியிருக்கவேண்டும். திருநாள் அன்று அந்தந்தப் புனிதரை மேலே உயர்த்தி வைக்காத வீடு அந்தக் கரையில் இல்லை. மரியதாஸ் அண்ணை காலையிலேயே அந்தோனியார் படத்தை மேல் லாச்சிக்கு ஏற்றி, சூசையப்பரிடம் மன்னிப்புக் கேட்டுக் கீழே இறக்கி, ஒரு செவ்வரத்தம் பூவும் செருகியிருந்தார். சொன்னபடி அந்தோனியாரைக் கழற்றினார். அதாவது, சுகமாய் ஓடிக்கொண்டிருந்த மேல் டிஸ்க்கை. இரண்டு கையாலும் ஏந்திக் கொஞ்சினார். இரண்டு டிஸ்க் போய்விட்டதென்று சேர்வர் இரண்டு மடங்காகக் கத்தியது. திடுக்கிட்டவரின் கையிலிருந்து டிஸ்க் சீமெந்து நிலத்தில் விழுந்தது. நான் வந்து அதைக் காதோடு வைத்து ஆட்டினேன். உள்ளே புளியங்கொட்டை உருளுகிற சத்தம்.

ஒன்று உடைந்தது, ஒன்று சாகக் கிடக்கிறது, ஒன்றே ஒன்று சுகம். அந்தப் பெயர்கள் இனி எங்கும் இல்லை. கதிரையிலிருந்து எட்டி மாரியாயி அக்கா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தா. மரியதாஸ் அண்ணை நிலத்தில் இருந்துவிட்டார். "துலைஞ்சதைத் தேடித் தாறவர் அந்தோனியார். அவரையே நான் போட்டுடைச்சிட்டன். இனி ஆரிட்டத் தம்பி கேக்கிறது?"

பாரைக்கு நடுவில்

போட்டுடைத்தது படத்தில்தான் அந்தோனியார். அசல் அந்தோனியார் கீழ் லாச்சியில், குறை உயிரோடு இருந்தார். அவர் கொஞ்ச நேரம் எழும்பினால், சுகமாய் இருக்கிற செபஸ்தியாரோடு கூடி, உடைந்ததையும் சொல்லிவிடுவார். எங்கள் தொழிலில் ஒரு கடைசி வைத்தியம் உண்டு. சூடேறி இறுகிய டிஸ்க்கை நன்றாய்க் குளிரவைத்தால், உள்ளே இருக்கிற சாமான்கள் ஒரு மயிரிழை சுருங்கிக் கொஞ்ச நேரம் ஓடும். செய்தவர்கள் நூற்றில் பாதிப்பேர் அழுதிருக்கிறார்கள், மிச்சப்பேர் பொய் சொல்லியிருக்கிறார்கள். கந்தோரில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஐஸ் உள்ள இடம் ஒன்றுதான்: காதர் நானாவின் மீன்வாடி.

காதர் நானா புத்தளத்தில் பல வருசம் அகதியாய் இருந்துவிட்டு உப்புக்குளத்துக்குத் திரும்பி வந்தவர். வந்த கிழமையே, தன் பழைய அயல் வீட்டுக்காரரைத் தேடி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தவர். நான் விசயத்தைச் சொல்லி முடிக்குமுன்னமே சாரத்தை மடித்துக் கட்டினார். சந்தைக்குப் போக இருந்த பெட்டியை, பாரை மீனும் ஐசுமாக, அப்படியே சேர்வர் அறைக்குக் கொண்டுவந்து இறக்கினார். "மீன எங்க நானா கொட்டுறது?" என்று கேட்டேன். "ஏன் கொட்டுறாய்? மீனுக்கு நடுவில இருந்தாத்தான் குளிர் பிடிச்சு நிக்கும். ஐஸ் மட்டும் எண்டா அரை மணித்தியாலத்தில தண்ணி." தொழில் தெரிந்தவர் சொன்னால் கேட்கவேண்டும்.

டிஸ்க்கை மூன்று பொலித்தீன் பையில் கட்டி, வயரை வால் மாதிரி வெளியே விட்டு, இரண்டு பெரிய பாரைகளுக்கு நடுவே கிடத்தினோம். ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். பிறகு வாலைச் சேர்வரில் மாட்டி மின்சாரம் கொடுத்தேன். ஐசுக்குள் இருந்து, ஆழத்தில், உம்ம்ம் என்று ஒரு சுழலல். திரையில் பெயர்கள் எழும்பி வரத் தொடங்கின. ஒவ்வொன்றாய்ப் புது டிஸ்க்குக்குப் போயின. ஒருத்தரும் மூச்சு விடவில்லை. பெட்டிக்குள் இருந்த பாரை ஒன்று வாயைத் திறந்து மூடியதை நான் கண்டேன். மற்றவர்கள் காணாவிட்டால் அது அவர்கள் கண்ணின் குறை. பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு காதர் நானா சொன்னார்: "அல்லாஹ்வே! செத்த மீன் கெடக்கூடாதெண்டுதான் இவ்வளவு காலமும் ஐஸ் போட்டனான். உசிரோட இருக்கிற சனத்துக்கு ஐஸ் போட்டது இண்டைக்குத்தான்."

நின்ற இடம்

பெயர்கள் வந்தன, வந்தன, பிறகு நின்றன. கர்ர், கர்ர். எனக்கு அந்த இடம் தெரியும். ஒவ்வொரு புதனும் நாங்கள் தாண்டுகிற அதே இடம். திரை அதே கேள்வியைக் கேட்டது. பழக்கதோசத்தில் என் விரல் 'தாண்டு' என்பதற்குப் போய்விட்டது. அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தேன். இந்தமுறை ஓடியது என்னுடைய பிரதி எடுக்கிற நிரல்; இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அது காட்டும். மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது!

எனக்கு வியர்த்துக் கொட்டியது, அந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில். ஒரு பழுதான சீட்டைத் தாண்டுகிறோம் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்? தாண்டினால் சோடி பார்க்கிற நிரல் அந்த இடத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் முடிவுக்குப் போயிருக்கிறது. பின்னால் கிடந்த சீட்டுகளை அரை வருசமாய் ஒருத்தரும் பார்க்கவில்லை. 'முடிந்தது' என்ற சொல்லை நம்பி, எத்தனை பேருக்கு 'இல்லை' என்று சொல்லியனுப்பியிருக்கிறோம்!

"தாண்டாட்டி என்ன செய்யிறது அண்ணை?" என்று ஜெசிந்தா மிஸ் கேட்டா. திரும்பத் திரும்ப விரட்டினால் டிஸ்க் அந்த இடத்திலேயே சாகும். நிறுத்தினால் திரும்ப எழும்புமோ தெரியாது. எழும்பாவிட்டால் பின்னால் உள்ளவர்கள் என்றைக்கும் இல்லை. கதவடியிலிருந்து மாரியாயி அக்காவின் குரல் கேட்டது.

"ஒக்கார வுடுங்க சார். அன்னிக்கே சொன்னேன்ல?"

மின்சாரத்தை நிறுத்தினேன். காதர் நானா ஆளனுப்பி இன்னும் இரண்டு பார் ஐஸ் எடுப்பித்து, உடைத்து, பாரைகளைச் சுற்றி இறுக்கினார். மரியதாஸ் அண்ணை பெட்டியடியில் முழந்தாளிட்டுச் செபமாலை உருட்டினார். ஒன்றரை மணித்தியாலம். வெளியே கழுதை கத்தியது, மணி மூன்று. மின்சாரம் கொடுத்தேன்.

உம்ம்ம். அந்த இடத்துக்கு வந்தது. கர்ர் என்றது ஒருதரம். பிறகு, வயசான மனிசர் படியில் கால் வைத்து ஏறுவது போல, மெதுவாய், ஏறிவிட்டது. மறுபக்கம் பெயர்கள் காத்துக்கொண்டு நின்றன. வரிசை குலையாமல், ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசிப் பெயர் வந்து அரை நிமிசத்தில் டிஸ்க் தானாகவே நின்றது. அதற்குப்பிறகு அது ஒருநாளும் எழும்பவில்லை.

உடனே சோடி பார்க்க விட்டோம். பிரின்ரர் கடதாசியைக் கக்கிக்கொண்டே இருந்தது. ஜெசிந்தா மிஸ் ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு வந்தவ, ஒரு தாளில் நின்றுவிட்டா. சத்தமாய் வாசித்தா. "தேடுபவர் செல்வி. தேடப்படுபவர் அம்மா, மாரியாயி, வெள்ளாங்குளம். இருக்கிற இடம், மடு." பிளொப்பியில் வந்து, ஒரு மனிசக் கண்ணும் படாமல், நேரே பெட்டிக்குள் போன சீட்டு. வந்த திகதி மாசி மாதம். நாங்கள் நின்றது ஆனி மாதத்தில்.

நான், கதிரைக்குத் திரும்பியிருந்த மாரியாயி அக்காவுக்கு முன்னால் போய் நின்றேன். சாதாரணமாய் ஒரு கதை கட்டியிருப்பேன். எனக்கு அது பெரிய வேலையில்லை. அன்றைக்கு வாயில் ஒரு கதையும் வரவில்லை. "அக்கா, சீட்டு மாசியிலேயே வந்திட்டுது. இவ்வளவு நாளும் உள்ளுக்குத்தான் கிடந்தது. நான்தான் தாண்டச் சொன்னனான்" என்றேன். ஏசுவா என்று நின்றேன். அக்கா அந்தத் தாளை வாங்கி, வாசிக்கத் தெரியாததால், எழுத்துகளை விரலால் தடவினா. பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்தா. தன் முதுகு பட்டுப் பட்டு எண்ணெய்க் கறை ஏறியிருந்த அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தா.

"இம்புட்டு நாளும் இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கந்தானா சார் இருந்தா? அதான் எனக்கு இந்த நாக்காலிய வுட்டு எந்திரிக்க மனசே வரல."

ஆமியிடம் பயணப் பாஸ் எடுக்க அக்காவுக்கு இரண்டு கிழமை பிடித்தது. போய்ச் சேர்ந்தபிறகு, தாயும் மகளும் ஒரே சீட்டில் கைநாட்டும் கையெழுத்துமாய் வைத்து, 'இனித் தேட வேண்டாம்' என்று அனுப்பினார்கள், அதையும் ஜெசிந்தா மிஸ் சேர்வரில் ஏற்றினா. காதர் நானாவின் அயல் வீட்டுக்காரர் அகப்பட இன்னும் ஒரு வருசம் சென்றது, அது வேறு கதை. அன்றைய பாரைகள் பின்னேரச் சந்தையில் நல்ல விலைக்குப் போயின. அவற்றைக் கறி வைத்துத் தின்ற வீடுகளில் ஒரு கிழமைக்கு ஒருத்தரும் ஒருத்தரின் பெயரை மறக்கவில்லை என்று கேள்வி, அதற்கும் நான் சத்தியம் பண்ணத் தயார்.

ஆகவே என்னோடு சேர்ந்து பாடுபட்டவர்களே, டிஸ்க்குக்கு ஐஸ் வைக்கலாம், கழுதைக்கு வேலி வைக்கலாம், அவசரக்காரன் விரலுக்குத்தான் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்த விரல் ஆருடையது என்று எவராவது கேட்டால், உங்களுக்கு இதைச் சொன்னவன் நான் எண்டு மட்டும் தயவுசெய்து ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.